அசாசின்ஸ் கிரீட் – எட்சியோ தொகுப்பு: போப்பாண்டவரோடு மல்லுக்கட்டும் ஒரு விளையாட்டு

யூபிசாஃப்ட் வெளியிட்ட 'அசாசின்ஸ் கிரீட்: தி எட்சியோ கலெக்‌ஷன்' புதிய விளையாட்டு அன்று. 2009, 2010, 2011 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து வந்த மூன்று காணொளி விளையாட்டுகளைச் சேர்த்து, 2016 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளுக்கும், 2022 பிப்ரவரியில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் கொண்டுவந்த தொகுப்பு இது. பழைய சரக்கு என்பதால் சலுகை விற்பனைகளில் மலிவாகக் கிடைக்கிறது. பள்ளி விடுமுறை தொடங்கினால் பிள்ளைகளின் கைக்கு எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன்தான் இதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, "மாமா, உங்களுக்குத்தான் சரித்திரம்னா உசுராச்சே, ஆடிப் பாருங்க" என்றான். இதில் வரும் பிரபுக்களும் பேராயர்களும் போப்பாண்டவர்களும் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆடினேன். ஆகவே இந்த மதிப்புரையில் விசைகளையும் திரைத் தெளிவையும் பற்றி அதிகம் இராது. பதினைந்தாம் நூற்றாண்டு இத்தாலியின் அதிகாரப் போட்டியை இந்த விளையாட்டு எந்த அளவுக்கு நேர்மையாகக் காட்டுகிறது என்பதையே பார்க்கப் போகிறேன்.

கதை இதுதான். பிளாரன்ஸ் நகரத்து வங்கியாளர் ஒருவரின் மகன் எட்சியோ ஔதித்தோரே. 1476-இல் அவனுடைய தந்தையையும் சகோதரர் இருவரையும் பொய்க் குற்றஞ்சாட்டித் தூக்கிலிடுகிறார்கள். பழிவாங்கப் புறப்படும் எட்சியோ, 'அசாசின்' என்ற இரகசியக் கூட்டத்துக்கும் 'டெம்ப்ளர்' என்ற இன்னொரு இரகசியக் கூட்டத்துக்கும் இடையே நூற்றாண்டுகளாக நடந்துவரும் பகையில் தன் குடும்பத்துக்கும் பங்கிருந்ததை அறிகிறான். டெம்ப்ளர்களின் தலைவர் ரொட்ரிகோ போர்ஜா. பிற்பாடு ஆறாம் அலெக்சாண்டர் என்ற பெயரில் போப்பாண்டவரானவர். முதல் பாகம் பிளாரன்ஸ், வெனிஸ், ஃபோர்லி ஆகிய ஊர்களிலும், இரண்டாம் பாகம் ரோமிலும், மூன்றாம் பாகம் 1511-ஆம் ஆண்டின் கான்ஸ்டாண்டிநோபிளிலும் நடக்கின்றன. எட்சியோவும் அவன் குடும்பமும் கற்பனை. அவன் கையால் சாகிறவர்களில் பெரும்பாலோர் உண்மை மனிதர்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர்களை எழுப்பியிருக்கும் விதத்துக்காகவே இந்தத் தொகுப்பை வாங்கலாம். 1436-இல் புருனெல்லெஸ்கி கட்டி முடித்த பேராலயக் குவிமாடத்தின் விலாவைப் பிடித்து ஏறி, உச்சியில் நின்று நகரத்தைச் சுற்றிப் பார்க்கும்போது, அந்த ஊரின் அரசியல் கட்டடங்களின் உயரத்தில் எழுதப்பட்டிருப்பது விளங்குகிறது. சான் ஜிமிஞானோவில் இது இன்னும் துலக்கம். அந்தச் சிறிய மலையூரில் செல்வக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று போட்டியாகக் கல் கோபுரங்களை எழுப்பின. அவற்றில் பதினான்கு இன்றும் நிற்கின்றன. எதிரிக் குடும்பத்தின் கோபுரத்தைவிடத் தன் கோபுரம் நான்கு முழமாவது உயர்ந்திருக்க வேண்டும் என்ற வீம்பைப் படத்தில் பார்ப்பது வேறு, ஒவ்வொரு கல்லாகப் பிடித்து ஏறும்போது உணர்வது வேறு. அடுக்குமாடி வீட்டில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு உயரம் என்பது மின்தூக்கியின் பொத்தான். அவர்களுக்கு இது நல்ல பாடம்.

முதல் பாகத்தின் நடு நாயகமான நிகழ்ச்சி பாட்சி சதி. விளையாட்டின் பலமும் பலவீனமும் அங்கேதான் ஒருசேர வெளிப்படுகின்றன. திரையில் நாம் காண்பது: பேராலயத்துக்கு வெளியே, திறந்த வெளியில், பாட்சி என்ற வங்கிக் குடும்பத்தாரும் அவர்களுடைய ஆட்களும், நகரத்தை ஆட்டிவைத்த மெதிச்சி வங்கிக் குடும்பத்தின் சகோதரர்கள் லொரென்சோ, ஜூலியானோ மீது பாய்கிறார்கள். ஜூலியானோ இறக்கிறான். காயம்பட்ட லொரென்சோவை எட்சியோ வாட்போர் செய்து காப்பாற்றி வீட்டில் சேர்க்கிறான். விறுவிறுப்பான காட்சிதான். ஆனால் 1478 ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமையன்று உண்மையில் நடந்தது இதைவிடப் பல மடங்கு பயங்கரமானது.

கொலை நடந்தது பேராலயத்தின் உள்ளே, திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது. உடல்நலமில்லாமல் வீட்டிலிருந்த ஜூலியானோவைக் கூட்டி வரப் போனவர்கள் அவனைக் கொல்லவிருந்த பிரான்செஸ்கோ பாட்சியும் பெர்னார்தோ பந்தினியுமே. வழியில் பிரான்செஸ்கோ அவன் தோளைத் தழுவி விளையாட்டாகப் பேசிக்கொண்டே வந்தான். சட்டைக்குள் இரும்புக் கவசம் போட்டிருக்கிறானா என்று தடவிப் பார்ப்பதற்காக. போடவில்லை. ஜூலியானோவின் உடம்பில் விழுந்த குத்துகள் பத்தொன்பது. வெறியில் குத்திய பிரான்செஸ்கோ தன் தொடையிலேயே ஆழமாகக் குத்திக்கொண்டான். லொரென்சோவைக் கொல்லும் பொறுப்பு முதலில் மொந்தெசெக்கோ என்ற போர்வீரனுக்குத் தரப்பட்டிருந்தது. விருந்தில் கொல்வதாக இருந்த திட்டம் கோயிலுக்கு மாறியதும், இறைவன் சந்நிதியில் இரத்தம் சிந்தமாட்டேன் என்று அவன் மறுத்துவிட்டான். அவனுக்குப் பதிலாக அந்த வேலையை ஏற்றுக்கொண்டவர்கள் மஃபேயி, ஸ்தேஃபனோ என்ற இரண்டு குருமார். வாளெடுத்துப் பிழைப்பவனுக்கு இருந்த கூச்சம் பூசை செய்பவர்களுக்கு இல்லை. ஆனால் கைப்பழக்கமும் இல்லை. லொரென்சோ கழுத்தில் ஒரு சிறு வெட்டோடு தப்பி, திருப்பொருள் அறைக்குள் ஓடி, வெண்கலக் கதவைச் சாத்திக்கொண்டார். கத்தியில் நஞ்சு தடவியிருக்கலாம் என்ற பயத்தில் நண்பர் ஒருவர் காயத்தில் வாய் வைத்து உறிஞ்சித் துப்பினார்.

அதே நேரத்தில் பீசா நகரப் பேராயர் சால்வியாத்தி, ஆயுதம் தரித்த ஆட்களோடு நகர மன்றத்தைக் கைப்பற்றப் போயிருந்தார். சந்தேகப்பட்ட மன்றத் தலைவர் கதவுகளை அடைத்து அவர்களைச் சிறைவைத்தார். அன்று மாலைக்குள் பேராயர் தம் அங்கியோடு மன்றத்துச் சன்னலிலிருந்து தொங்கினார், பிரான்செஸ்கோவும் தொங்கினான். குடும்பத்தின் பெரியவரான ஜாக்கொப்போ பாட்சி குதிரைமேல் சதுக்கத்துக்கு வந்து, விடுதலை விடுதலை என்று கூவிப் பார்த்தார். மக்கள் மெதிச்சி சின்னத்தின் பெயரைத் திருப்பிக் கூவினார்கள். அவரும் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். புதைத்த உடலைத் தோண்டியெடுத்துத் தெருவில் இழுத்துப் போய் ஆர்னோ ஆற்றில் வீசினார்கள். பந்தினி மட்டும் கான்ஸ்டாண்டிநோபிள் வரை ஓடினான். சுல்தான் இரண்டாம் மெஹ்மெது அவனைப் பிடித்துத் திருப்பி அனுப்ப, 1479 டிசம்பரில் பிளாரன்சில் தூக்கு. அந்தப் பிணத்தை நேரில் பார்த்து வரைந்தவர் இளைஞர் லியொனார்டோ டாவின்சி. உடுத்தியிருந்த துணிகளின் நிறத்தைக்கூடப் பக்கத்தில் குறித்துவைத்திருக்கிறார். இந்த விளையாட்டில் லியொனார்டோ எட்சியோவின் ஆருயிர் நண்பர், கைக்கத்தி செய்து தருகிறவர், பறக்கும் இயந்திரம் கட்டுகிறவர். இருந்தும் அந்த ஒரு படத்துக்கு இடமில்லை. பந்தினியும் பேராயரும் குருமாரும் தஸ்கனி நாட்டுப்புறத்தில் ஆளுக்கொரு மூலையில் ஒளிந்திருந்து, எட்சியோ வந்து கொல்லும்வரை காத்திருக்கிறார்கள்.

ஆள் எண்ணிக்கைக்கேற்பப் பணிகள் வேண்டும் என்பதால் இப்படிப் பிரித்திருக்கிறார்கள். விளையாட்டுக்கென்று ஓர் இலக்கணம் உண்டு, அதை நான் குறை சொல்லவில்லை. என் மனத்தாங்கல் வேறு. இவர்கள் ஏன் இதைச் செய்தார்கள் என்ற கேள்விக்கு விளையாட்டு தரும் ஒரே விடை, எல்லாரும் டெம்ப்ளர்கள் என்பது. உண்மை விடையைத் தேடினால் மறைவான மந்திராலோசனை எதுவும் கிடைப்பதில்லை. கடன் பத்திரமும் கல்யாணப் பத்திரமும் சுரங்கக் குத்தகையும்தான் கிடைக்கின்றன, அவையும் கையெழுத்தோடு, ஊரறிய.

நான்காம் சிக்ஸ்துஸ் 1471-இல் போப்பாண்டவரானார். அந்த ஆண்டே சகோதரன் மகனையும் சகோதரி மகனையும் கர்தினால்களாக்கினார். இன்னொரு சகோதரி மகனான ஜிரொலாமோ ரியாரியோவுக்கு ஒரு நாடு தேவைப்பட்டது. மிலான் கோமகனிடமிருந்து இமோலா என்ற ஊரை 40,000 தங்கக் காசுக்குப் பேரம் பேசி, கூடவே கோமகனின் மகள் கத்தரீனா ஸ்ஃபோர்சாவையும் அவனுக்கு நிச்சயம் செய்தார். பணத்துக்கு மெதிச்சி வங்கியைக் கேட்டபோது லொரென்சோ கையை விரித்தார். தன் எல்லையோரத்தில் போப்பின் ஆள் வந்து உட்காருவதற்குத் தானே கடன் கொடுப்பாரா என்ன? பாட்சி வங்கி கொடுத்தது. போப்பாண்டவர் தம் கணக்குகளை மெதிச்சிகளிடமிருந்து எடுத்துப் பாட்சிகளிடம் கொடுத்தார். 1476-இல் படிகாரக் குத்தகையும் அதே வழியில் கைமாறியது.

இங்கே சிங்கப்பூரில் தேக்காவிலும் சிராங்கூன் ரோட்டிலும் கடை வாசலில் கண்ணேறு கழியக் கறுப்புக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறோமே, அதே படிகாரம்தான். கம்பளித் துணியில் சாயம் பிடிக்க அது இல்லாமல் முடியாது. பிளாரன்சின் வாழ்வே கம்பளி. ஐரோப்பா அதைத் துருக்கியரிடம் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், 1460-களின் தொடக்கத்தில், போப்பாண்டவரின் சொந்த நிலத்தில் தோல்ஃபா என்ற இடத்தில் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அதை எடுத்து விற்கும் ஏகபோக உரிமை யாரிடம் இருக்கிறதோ, அவர் கையில் நெசவு நகரங்களின் குடுமி. லொரென்சோவும் சும்மா இருக்கவில்லை. போப் நியமித்த பேராயர் சால்வியாத்தியைப் பீசாவுக்குள் நுழையவிடாமல் சில காலம் தடுத்துவைத்தார். இத்தனையும் சேர்ந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை. விளையாட்டில் எல்லாரும் தேடும் மந்திரக் கோளமும் வேண்டாம், மறைகுறிப் புத்தகமும் வேண்டாம். உர்பினோ கோமகன் ஃபெதெரிகோ நகருக்கு வெளியே அறுநூறு வீரர்களை நிறுத்திவைத்திருந்தது மட்டும் சங்கேத எழுத்தில் மறைந்திருந்தது. இந்த நூற்றாண்டில்தான் அந்தக் கடிதத்தை ஒருவர் உடைத்துப் படித்தார். விளையாட்டுக்கு இதைவிடத் தோதான கரு எங்கே கிடைக்கும்? தொடவேயில்லை.

சதி தோற்ற பிறகு போப்பாண்டவர் லொரென்சோவைத் திருச்சபையிலிருந்து விலக்கி, பிளாரன்ஸ் மீது வழிபாட்டுத் தடை விதித்து, நேப்பிள்ஸ் அரசர் ஃபெரந்தேயோடு சேர்ந்து படையெடுத்தார். போர் லொரென்சோவுக்குச் சாதகமாக இல்லை. 1479 டிசம்பரில் அவர் தன்னந்தனியாக எதிரியான ஃபெரந்தேயின் ஊருக்கே கப்பலேறிப் போனார். விருந்தாளியாக வந்த ஒரு கூலிப்படைத் தலைவரைக் கொன்றவர் என்று பெயரெடுத்த அரசர் அவர். லொரென்சோ அங்கே மாதக்கணக்கில் பேசி, 1480 மார்ச்சில் சமாதானத்தோடு திரும்பினார். விளையாட்டு இந்தப் போரையும் பயணத்தையும் விட்டுவிட்டு நேரே வெனிசுக்குத் தாவுகிறது. கத்தி எடுக்காத வீரம் அதற்குக் காட்டத் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

போரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்சியோவின் பெரியப்பா மாரியோ ஒரு கூலிப்படைத் தலைவர். மொந்தெரிஜியோனி கோட்டை அவருடையது. இந்தப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அக்காலப் போர் ஒப்பந்தத் தொழில் என்பதை விளையாட்டு எளிதாகக் காட்டியிருக்கலாம். இத்தாலிய நகரங்களுக்குப் பெரிய சொந்தப் படை கிடையாது. இத்தனை மாதத்துக்கு உறுதி, அதற்குமேல் இத்தனை மாதம் விருப்பத்தின்பேரில் நீட்டிப்பு, இத்தனை 'ஈட்டி' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தலைவர்களை அமர்த்திக்கொண்டன. ஓர் ஈட்டி என்றால் ஒரு கவசவீரன், ஒரு துணைவன், ஓர் ஏவலாள், மூன்று குதிரைகள். சம்பளம் வாங்குபவனுக்குப் போர் நீடிப்பது இலாபம், தன் ஆட்களை இழப்பது நட்டம். ஆகவே பெரிய மோதலைத் தவிர்த்துச் சுற்றிச் சுற்றி வருவது அவர்களுக்கு வழக்கம். இரண்டாம் பாகத்தில் வரும் பர்த்தலொமேயோ தல்வியானோ உண்மையிலேயே பேர்பெற்ற கூலிப்படைத் தலைவர். 1503-இல் காரில்யானோ ஆற்றங்கரை வெற்றியில் பங்குகொண்டவர், 1509-இல் அஞ்ஞாதெல்லோவில் தோற்றுச் சிறைப்பட்டவர். விளையாட்டில் அவர் தன் வாளோடு பேசிக்கொண்டிருக்கும் நகைச்சுவைப் பாத்திரமாகச் சுருங்கிவிட்டார். வெனிஸ் காட்சிகளும் அப்படியே. கோமன்றத் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சாகிறார்கள், முகமூடித் திருவிழா அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஓரிடத்தில் மட்டும் போரின் மாற்றத்தை விளையாட்டு சரியாகப் பிடித்திருக்கிறது. இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில், 1500 ஜனவரியில், ரொட்ரிகோவின் மகன் செசாரே போர்ஜாவின் பீரங்கிகள் மொந்தெரிஜியோனியை நொறுக்குகின்றன. அப்படியொரு முற்றுகை அந்த ஊரில் அந்த ஆண்டு நடக்கவில்லை. ஆனால் 1494-இல் பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸ் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிக் கொண்டுவந்த வெண்கலப் பீரங்கிகளும் இரும்புக் குண்டுகளும், உயரமான மெல்லிய இடைக்காலச் சுவர்களை ஒரே காலையில் வெறும் கல்குவியலாக்கின என்பது உண்மை. முதல் பாகம் முழுவதும் காசு செலவழித்துச் செப்பனிட்ட கோட்டை கண்ணெதிரே சரிகிறபோது ஆடுகிறவருக்குச் சுருக்கென்கிறது. அக்கா மகன் அந்த இடத்தில் பொத்தானை விட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஜனவரியில் செசாரே உண்மையில் முற்றுகையிட்டது ஃபோர்லியில் கத்தரீனா ஸ்ஃபோர்சாவின் ரவால்தினோ கோட்டையை. இந்தப் பெண்மணிக்கு விளையாட்டு ஓரளவு நியாயம் செய்திருக்கிறது. 1488 ஏப்ரலில் அவருடைய கணவர் ஜிரொலாமோ ரியாரியோவை ஓர்சி சகோதரர்கள் அரண்மனையிலேயே குத்திக் கொன்று, உடலைச் சதுக்கத்தில் எறிந்தார்கள். கோட்டையைச் சரணடையச் செய்கிறேன் என்று சொல்லி உள்ளே போன கத்தரீனா, உள்ளிருந்தபடியே பீரங்கிகளை ஊரை நோக்கித் திருப்பினார். பிள்ளைகளைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டியவர்களுக்கு அவர் கோட்டைச் சுவர்மேல் நின்று சொன்னதாக உலவும் பச்சையான பதிலை விளையாட்டு அப்படியே வைத்திருக்கிறது. அது பின்னால் வந்தவர்கள் கைச்சரக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஓர்சி சகோதரர்கள் தப்பி ஓடிவிட்டார்கள். விளையாட்டில் எட்சியோவிடம் சாகிறார்கள். 1500 ஜனவரி 12-இல் கோட்டை விழுந்து, ரோமில் சிறைவைக்கப்பட்டு, 1501-இல்தான் அவர் வெளியே வந்தார். இரண்டாம் பாகத்தில் எட்சியோ அவரைச் சிறைமீட்கும் பணி மிக நன்றாக அமைந்திருக்கிறது.

செசாரே போர்ஜாவின் கதைக்கு வருகிறேன். பதினெட்டு வயதில் கர்தினால்; 1498-இல் அந்தப் பதவியைத் துறந்த முதல் கர்தினால்; பிரெஞ்சு அரசரிடம் கோமகன் பட்டமும் மனைவியும் பெற்று, தந்தையான போப்பாண்டவரின் பணத்தில் ரொமாஞ்ஞா நாட்டு ஊர்களை ஒவ்வொன்றாக விழுங்கியவர். விளையாட்டில் இவர் கத்துகிறார், மார்தட்டுகிறார், தங்கை லுக்ரேசியாவை முத்தமிடுகிறார். லுக்ரேசியாவைப் பற்றிய அந்த வம்பு, திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டு அவமானப்பட்ட அவருடைய முதல் கணவர் தரப்பிலிருந்து கிளம்பியது. தந்தை ஊரில் இல்லாதபோது வத்திக்கான் அலுவல்களைக் கவனித்த திறமைசாலியைப் பழைய வதந்தி ஒன்றுக்குள் அடைத்துவிட்டார்கள். செசாரேயும் கத்துகிற மனிதர் அல்லர். அவரைப் பற்றி அச்சம் ஏற்பட வேண்டுமானால் 1502-ஆம் ஆண்டின் கடைசி வாரத்தைப் பார்க்க வேண்டும். டிசம்பர் 26 காலையில் செசேனா நகரச் சதுக்கத்தில், அவர் சார்பாகக் கொடுங்கோல் ஆட்சி நடத்திய அதிகாரியின் உடல் இரண்டு துண்டாகக் கிடந்தது. மக்களின் வெறுப்பெல்லாம் அந்த அதிகாரியோடு போயிற்று. டிசம்பர் 31-இல், தமக்கு எதிராகச் சதி செய்துவிட்டுப் பிறகு சமாதானம் பேசிய தம் சொந்தப் படைத்தலைவர்களைச் செனிகாலியா ஊரில் சிரித்த முகத்தோடு வரவேற்றுக் கூட்டிப்போய்ப் பிடித்துக்கொண்டார். வித்தெல்லோட்சோவும் ஒலிவெரோத்தோவும் அன்றிரவே கழுத்து நெரிக்கப்பட்டார்கள். ஓர்சினி குடும்பத்தவர் இருவருக்கு ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து அதே முடிவு.

இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவர் பிளாரன்ஸ் குடியரசின் தூதராகப் போயிருந்த அரசியல் சிந்தனையாளர் மக்கியவெல்லி. அதே ஆண்டு செசாரேயிடம் இராணுவப் பொறியாளராக வேலை பார்த்து, இமோலா நகரை மேலிருந்து பார்த்ததுபோல அளந்து வரைந்தவர் லியொனார்டோ. அந்தக் குளிர்காலத்தை விளையாட்டு எப்படிக் கையாளுகிறது? மக்கியவெல்லி ரோமில் எட்சியோவின் பக்கம், லியொனார்டோ வற்புறுத்தலின் பேரில் ஆயுதம் செய்து, இரகசியமாக எட்சியோவுக்கு உதவுகிறார். கெட்டவனிடம் நல்லவர்கள் விரும்பிச் சம்பளம் வாங்கமாட்டார்கள் என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. வாங்கினார்கள். அந்தக் கூச்சத்தை விட்டிருந்தால் இரண்டாம் பாகம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும். செனிகாலியா விளையாட்டில் இல்லவே இல்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மாறாக, ரோமில் இவர்கள் வைத்திருக்கும் பொருளாதார ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. போர்ஜா படைத்தலைவனைக் கொன்று அவனுடைய கோபுரத்தைக் கொளுத்தினால் அந்த வட்டாரம் விடுபடுகிறது. பிறகு மூடிக்கிடக்கும் கொல்லர் கடை, மருத்துவர் கடை, வங்கிக் கிளை ஆகியவற்றைப் பணம் போட்டுத் திறக்கலாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வருமானம் வங்கியில் விழுகிறது. கதையில் டெம்ப்ளர் என்றும் அசாசின் என்றும் ஓயாமல் பேசுகிற விளையாட்டு, ஆட்ட முறையில் மட்டும் தன்னையறியாமல் உண்மையைச் சொல்லிவிடுகிறது: ரோமை வாங்க முடியும். அக்காலத்துக் கர்தினால்களைக் கேட்டால் தலையாட்டியிருப்பார்கள்.

முதல் பாகத்தின் இறுதிச் சண்டை பற்றி எச்சரிக்க வேண்டும். சிஸ்டைன் சிற்றாலயத்தில் எட்சியோவும் போப்பாண்டவரும் கைகலக்கிறார்கள். அறுபத்தெட்டு வயதுக்காரரான ஆறாம் அலெக்சாண்டர் குத்துச்சண்டை போடுகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆஃபிர் ரோட்டு லூர்து அன்னை ஆலயத்துக்குப் பரம்பரையாகப் போகும் குடும்பங்களுக்கு வேறு உணர்வு வரலாம்; அவர்களுடைய வருத்தத்தில் நியாயம் உண்டு. அலெக்சாண்டரைப் பற்றி மறைக்க வேண்டியது எதுவுமில்லை. பிள்ளைகள் பெற்றார், அவர்களுக்காகத் திருச்சபையைப் பயன்படுத்தினார். ஆனால் அவருக்குமுன் சிக்ஸ்துஸும் பின்னால் இரண்டாம் ஜூலியஸும் வேறுவிதமாக நடந்துகொண்டவர்கள் அல்லர். சிக்ஸ்துஸ் முதலாண்டில் கர்தினாலாக்கிய சகோதரன் மகன்தான் 1503-இல் ஜூலியஸ் ஆனவர். 1511 ஜனவரிப் பனியில் மிராந்தோலா முற்றுகையில் தாமே முன்னின்று, சுவர் உடைந்ததும் ஏணி வைத்து ஏறி உள்ளே போன போப்பாண்டவர் அவர். கோபுரம் ஏறும் விளையாட்டில் அவருக்கு ஒரு காட்சிகூடத் தராதது விந்தை. தோற்ற குடும்பமே கெட்ட குடும்பமாகிறது. போர்ஜாக்களுக்குப் பின்னால் பதவிக்கு வந்தவர்கள் எழுதவைத்த கதையையே ஐந்நூறு ஆண்டு கழித்து இந்த விளையாட்டும் சொல்கிறது.

நமக்கு இதில் கிட்டிய தொடர்பு ஒன்றும் உண்டு. நாம் குத்துவிடும் இதே அலெக்சாண்டர் 1493-இல் அட்லாண்டிக் கடலில் ஒரு கோடு போட்டு, புதிய நிலங்களில் ஸ்பெயினின் உரிமையை வரையறுத்தார். மறு ஆண்டு போர்ச்சுகலும் ஸ்பெயினும் உடன்படிக்கை செய்து அந்தக் கோட்டை நகர்த்திக்கொண்டன. கிழக்குப் பக்கத்தைப் பெற்ற போர்ச்சுகீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்தார்கள். அவர்களோடு கப்பலில் ஜொவான்னி தா எம்ப்போலி என்ற பிளாரன்ஸ் வணிகரும் வந்திருந்தார். வெற்றிக்குப் பின் தளபதி அல்புகெர்க்கே அங்கே பெண்டஹாரா என்ற அமைச்சர் பதவியில் அமர்த்தியது, நைனா சாத்து என்று ஏடுகள் குறிப்பிடும் தமிழ் வணிகரை. மூன்றாம் பாகம் நடக்கும் ஆண்டும் 1511தான். எட்சியோ கிழக்கே இன்னும் கொஞ்சம் வந்திருந்தால் நம்மவர்களைப் பார்த்திருப்பான்.

அந்த மூன்றாம் பாகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சுல்தான் இரண்டாம் பயாசித்தின் மகன்கள் அகமதும் செலிமும் அரியணைக்குப் போட்டியிடும் காலம். செலிம் 1512-இல் தந்தையைப் பதவி விலகச் செய்து, மறு ஆண்டு அகமதைக் கொன்றார். விளையாட்டு இதைக் கடைசியில் அவசரமாகச் சொல்லி முடிக்கிறது. நகரம் அழகு, எட்சியோவின் முதுமை கண்ணியமாக இருக்கிறது, குண்டு செய்யும் ஏற்பாடு சலிப்பூட்டுகிறது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். முன்பு தனியே விற்கப்பட்ட ஃபோர்லிப் போர், பிளாரன்சில் துறவி சவொனரோலாவின் ஆட்சி ஆகிய இரண்டு அத்தியாயங்களும் முதல் பாகத்தில் சேர்ந்தே வருகின்றன. இரண்டாம், மூன்றாம் பாகங்களில் முன்பு இருந்த பலர் சேர்ந்தாடும் பகுதி இந்தத் தொகுப்பில் இல்லை. தமிழில் எழுத்துரை கிடையாது. ஆங்கிலத்தில் இத்தாலியச் சொற்களைத் தூவிப் பேசுகிறார்கள். இரத்தமும் தூக்கும் வெளிப்படையாகக் காட்டப்படுவதால், தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வயது அடையாளத்தைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். வயது வந்த பிள்ளைகளாக இருந்தால் ஒன்று செய்யச் சொல்லுங்கள்: புதிய ஆளோ கட்டடமோ வரும்போதெல்லாம் திரையோரத்தில் ஒரு குறிப்பு திறக்கும், அதைத் தாண்டிப் போகாமல் படிக்கச் சொல்லுங்கள். கிண்டலும் சலிப்புமாக எழுதப்பட்ட அந்தக் குறிப்புகளில் பல, கதை மறைத்ததை ஒப்புக்கொள்கின்றன. மீதியை விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் தேடலாம். முழு விலை கொடுக்க வேண்டியதில்லை, சலுகைக்குக் காத்திருங்கள். எம்ஆர்டி பயணத்தில் ஆடுவதற்கு ஸ்விட்ச் பதிப்பு வசதிதான். ஆனால் அந்தக் குறிப்புகளைச் சிறு திரையில் படிப்பது கண்ணுக்குச் சிரமம் என்பதால், வீட்டில் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடுவதையே நான் பரிந்துரைப்பேன்.